வீட்டிலேயே அசெம்பிள் செய்யும் விமானம்!

கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி, பிராண்டட் கம்ப்யூட்டரா, அசெம்பிள்ட் கம்ப்யூட்டரா என்பதுதான். அசெம்பிள்ட் என்றால் மதர்போர்டு ஒரு நிறுவனம், ராம் இன்னொரு நிறுவனம், கேபினட் வேறொரு நிறுவனம். வாங்கி வந்து ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும்.

இதே முறையில் வீட்டுக் கார் ஷெட்டில் விமானம் அசெம்பிள் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? பொம்மை விமானம் அல்ல. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கும் நிஜ விமானம். அமெரிக்காவில் இது பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. இவர்களுக்கு ஊருக்கு ஊர் கிளப்புகளும் உண்டு.

அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீசெட் பட்டனை அழுத்துகிறோம். மூவாயிரம் அடி உயரத்தில் அந்தப் பட்டன் கிடையாது. அப்படியானால் தான் கட்டிய விமானத்தில் ஒருவர் எந்தத் தைரியத்தில் ஏறுகிறார்? கம்ப்யூட்டர் அவருக்கு எந்த அளவு உதவுகிறது? எந்த இடத்தில் அது கைகொடுப்பதில்லை? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பாதிக்கு மேல் உங்கள் கைவேலை

அமெரிக்காவில் விமானங்களுக்கு அனுமதி வழங்கும் அரசு அமைப்பு எப்.ஏ.ஏ. ஒரு விமானம் 'அமெச்சூர் பில்ட்' என்று பதிவாக வேண்டுமானால், அதைக் கட்டும் வேலையில் பெரும்பகுதியை, கற்பதற்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ அதில் இறங்கியவர்களே செய்திருக்க வேண்டும். இதைத்தான் பேச்சு வழக்கில் 51 சதவீத விதி என்கிறார்கள்.

உலோகத் தகட்டையும் குழாயையும் உருக்கி எடுக்கச் சொல்லவில்லை. இஞ்சின், சக்கரம், புரொப்பெல்லர், மீட்டர்கள் போன்றவற்றைக் கடையில் வாங்கலாம். ஆனால் இறக்கை, உடல், வால் ஆகியவற்றை உருவாக்கி இணைக்கும் வேலையில் பாதிக்கு மேல் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். கடைசியில் ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

அனுமதி கிடைத்த பிறகும் விமானத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். தொழிற்சாலை விமானத்துக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகையும் உள்ளே இருக்கும். ஏறுபவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்!

கிளப்பில் என்ன நடக்கிறது?

1953 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், பால் போபெரெஸ்னி என்ற விமானி 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். சுருக்கமாக இ.ஏ.ஏ. இப்போது அதன் தலைமையகம் அதே மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் அங்கே ஒரு வார விழா நடக்கும். அந்த வாரம் ஆஷ்கோஷிலும் பக்கத்து விமான நிலையங்களிலும் ஏறக்குறைய 10,000 விமானங்கள் வந்து இறங்குகின்றன.

விழா ஆண்டுக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் வேலை நடப்பது உள்ளூர்க் கிளைகளில். இவை 900-க்கும் மேல் உள்ளன. முதல் எண் கொண்ட கிளை கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில், ப்ளாபாப் என்ற சிறிய விமான நிலையத்தில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் ரே ஸ்டிட்ஸ் என்ற விமான வடிவமைப்பாளர்.

ஒரு கிளையின் வழக்கமான வேலைகள் இவை. மாதம் ஒரு கூட்டம். யாராவது ஒருவர் கட்டிக்கொண்டிருக்கும் விமானத்தை எல்லோரும் போய்ப் பார்ப்பது. புதியவர்களுக்கு ரிவெட் அடிக்கவும், வெல்டிங் செய்யவும், இறக்கைக்குத் துணி ஒட்டவும் கற்றுத் தருவது. எல்லோருக்கும் எப்போதோ ஒரு முறை மட்டுமே தேவைப்படும் கருவிகளைச் சேர்ந்து வாங்கி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. 8 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளை இலவசமாக விமானத்தில் ஏற்றிப் பறக்க வைப்பதும் உண்டு. 'யங் ஈகிள்ஸ்' என்ற இந்தத் திட்டம் 1992-இல் தொடங்கியது. இதுவரை 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பறந்திருக்கிறார்கள்.

கவலைகளும் உண்டு. முதல் கவலை இடம். இறக்கையைப் பொருத்திவிட்டால் விமானம் கார் ஷெட்டில் நிற்காது. விமான நிலைய ஹாங்கரில் வைத்துக் கட்டலாமா என்பதில் நீண்ட நாள் இழுபறி இருந்தது. விமானம் கட்டுவதும் ஹாங்கருக்கு உரிய வேலைதான் என்று எப்.ஏ.ஏ. 2016-இல் அறிவித்து, 2017 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. அடுத்த கவலை பெட்ரோல். சிறிய விமானங்கள் இன்னமும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. 2030-க்குள் அதைக் கைவிட வேண்டும் என்பது அமெரிக்காவின் இலக்கு.

ஆனால் கிளப்பின் மிக முக்கியமான வேலை வேறு. அனுபவம் வாய்ந்த உறுப்பினர் ஒருவர் 'டெக்னிக்கல் கவுன்சலர்' என்ற பெயரில் காசு வாங்காமல் உங்கள் ஷெட்டுக்கு வருவார். இறக்கையைத் தகடு போட்டு மூடுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். 'இந்த நட்டு சரியாக இறுகவில்லை, அந்த ஒயர் கேபிளில் உரசும்' என்று சொல்வார். இதன் அருமை போகப் போகத் தெரியும்.

கம்ப்யூட்டர் போட்ட துளைகள்

முன்பெல்லாம் வரைபடம் மட்டும் தபாலில் வரும். தகட்டில் கோடு போட்டு, வெட்டி, துளை போட்டுக் கட்ட வேண்டும். ஒரு துளை தள்ளிப்போனால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும்.

இப்போது பெரும்பாலோர் கிட் வாங்குகிறார்கள். ரிச்சர்ட் வேன்குரூன்ஸ்வென் 1973-இல் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசை இதில் மிகப் பிரபலம். 11,000-க்கும் மேற்பட்ட ஆர்.வி. விமானங்கள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. இந்த நிறுவனம் விமானத்தைக் கம்ப்யூட்டரில் கேட் சாப்ட்வேர் கொண்டு வரைகிறது. அந்தக் கோப்பு நேராக சி.என்.சி. இயந்திரத்துக்குப் போகிறது. இயந்திரம் ஒவ்வொரு தகட்டிலும் துளைகளைப் போட்டுவிடுகிறது. மேல் தகட்டின் துளையும் அடிச் சட்டத்தின் துளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்காரும். மதர்போர்டின் ஸ்குரூ துளைகள் கேபினட்டில் சரியாகப் பொருந்துகின்றன அல்லவா, அதே கதைதான்.

இதனால் வேலை மிச்சம். ஆனால் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு துளையிலும் பிசிறு எடுக்க வேண்டும். ரிவெட்டின் தலை வெளியே துருத்தாமல் இருக்க, துளையைச் சுற்றிக் குழி அழுத்த வேண்டும். பிறகு ரிவெட் அடிக்க வேண்டும். ஒருவர் வெளியே ரிவெட் கன் பிடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான ரிவெட்கள்!

கம்ப்யூட்டர் போட்ட துளை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2023-இல் இதற்குப் பதில் கிடைத்தது. ஆர்டர்கள் குவிந்ததால் பல பாகங்களில் துளைகளை அழுத்திப் போடுவதற்குப் பதிலாக லேசர் மூலம் வெட்டியிருந்தார்கள். லேசர் வட்டமடித்து முடித்த இடத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு வெட்டு விழுந்தது. குழி அழுத்தும்போது சில துளைகளில் அங்கிருந்து விரிசல் கிளம்பியது. கட்டுபவர்கள் பார்த்துச் சொன்னார்கள். பாகங்களை மாற்றித் தரும் செலவும் வேறு நெருக்கடிகளும் சேர்ந்து, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2024-இல் மீண்டு வந்தது. அளவு சரி, வரைபடம் சரி. ஆனால் விரிசலைக் கண்டுபிடித்தது, கையில் தகட்டை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்த மனிதக் கண்!

எக்செல்லில் ஒரு கணக்கு

விமானம் கட்டுபவர் எல்லோரும் பயன்படுத்தும் சாப்ட்வேர் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கலாம். அதுதான் எக்செல். இல்லாவிட்டால் லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது.

விமானத்தின் மொத்த எடை மட்டும் முக்கியம் அல்ல. அந்த எடை எந்த இடத்தில் குவிகிறது என்பதே முக்கியம். இதை ஈர்ப்பு மையம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இது அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால், மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். விமானி கீழே தள்ளினாலும் இறங்காமல் போகலாம். வேகம் குறைந்து, தூக்கு விசை போய், விமானம் விழுந்துவிடும்.

கட்டி முடித்தவுடன் மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து எடை எடுப்பார்கள். அதிலிருந்து காலி விமானத்தின் ஈர்ப்பு மையம் கிடைக்கும். மற்றதெல்லாம் பெருக்கல், கூட்டல், வகுத்தல். எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனை விமானத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தூரமும் மூக்கின் நுனியிலிருந்து சென்டிமீட்டரில். ஈர்ப்பு மையம் 202-க்கும் 218-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இதன் விதி.

புதிய ஷீட்டைத் திறந்து, ஏ நெடுவரிசையில் பெயர், பி-யில் கிலோ, சி-யில் தூரம் என்று இரண்டாம் வரியிலிருந்து டைப் செய்யுங்கள்.

காலி விமானம்: 340 கிலோ, 200
விமானியும் பயணியும்: 150 கிலோ, 240
பெட்ரோல்: 60 கிலோ, 210
சாமான்கள்: 20 கிலோ, 310

இப்போது டி2 செல்லில் சமக்குறி போட்டு, பி2-வை கிளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, சி2-வை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 68,000 என்று வரும். இதுதான் திருப்புத்திறன். அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து மவுஸால் கீழே இழுத்தால் மற்ற மூன்று வரிகளுக்கும் விடை வந்துவிடும். பி6-இல் எடைகளையும், டி6-இல் திருப்புத்திறன்களையும் ஆட்டோசம் பட்டன் மூலம் கூட்டுங்கள். 570, 122,800 என்று வரும். கடைசியாக டி7 செல்லில் டி6-ஐ பி6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 215.4. எல்லைக்குள் இருக்கிறது. புறப்படலாம்.

இப்போது சாமானை 35 கிலோவாக மாற்றுங்கள். விடை 217.9. இதுவும் 218-க்குள்தான். புறப்படலாமா? அவசரப்படாதீர்கள்! பறந்து கொண்டிருக்கும்போது பெட்ரோல் குறையும். பெட்ரோலை 10 கிலோவாக மாற்றிப் பாருங்கள். விடை 218.6. எல்லையைத் தாண்டிவிட்டது. புறப்படும்போது சரியாக இருந்த விமானம், இறங்கும் நேரத்தில் ஆபத்தாக மாறுகிறது. பேப்பரில் ஒரு முறை கணக்குப் போட்டு நிறுத்தியிருந்தால் இது தெரியவே தெரியாது. எண்ணை மாற்றி 'இப்படி இருந்தால்?' என்று கேட்க முடிவதுதான் ஸ்பிரெட்ஷீட்டின் பலம்.

ஆறு மீட்டருக்குப் பதில் ஒரு திரை

பழைய விமானங்களில் வேகம், உயரம், சாய்வு, திசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்ட மீட்டர். சாய்வைக் காட்டும் மீட்டருக்குள் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். இப்போது அந்த இடத்தில் ஒரு எல்.சி.டி. திரை. உள்ளே இருப்பது, செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதே வகைச் சென்சார் சில்லுகள். காற்றழுத்தம் அளக்கும் சென்சார்கள் வேகத்தையும் உயரத்தையும் தருகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரே படமாக வரைவது சாப்ட்வேர்.

தொழிற்சாலை விமானத்துக்கு இந்தத் திரையை விற்க நீண்ட, செலவு பிடிக்கும் சான்றிதழ்ச் சோதனைகள் தேவை. அமெச்சூர் விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் விலை மலிவான திரைகள் முதலில் இங்கேதான் பரவின. டைனான் நிறுவனத்தின் டி10ஏ என்ற திரையைச் சில பழைய செஸ்னா, பைப்பர் தொழிற்சாலை விமானங்களிலும் பொருத்த 2016-இல் இ.ஏ.ஏ. அனுமதி வாங்கித் தந்தது. அசெம்பிள்ட் பெட்டியில் வந்தது பிராண்டட் பெட்டிக்கும் போன கதை!

இன்னும் மலிவானது ஸ்ட்ராடக்ஸ். ராஸ்ப்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில், டி.வி. பார்ப்பதற்காகத் தயாரான யு.எஸ்.பி. ரேடியோ குச்சிகளைச் செருகினால், சுற்றிப் பறக்கும் விமானங்கள் அனுப்பும் சிக்னலை அது வாங்கி, வை-பை மூலம் டேப்லட்டுக்கு அனுப்பும். சாப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம்.

ஆனால் திரை இருட்டாகிவிட்டால்? வீட்டில் யு.பி.எஸ். வைக்கிறோம். விமானத்தில் பேக்அப் பேட்டரி வைக்கிறார்கள். அதோடு தனித்து இயங்கும் இன்னொரு மீட்டரையும் வைத்துக்கொள்ளும்படி கிளப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே ஒயரிலிருந்து கரண்ட் வந்தால் அது பேக்அப் ஆகாது!

கைக்கு எட்டாத வால்வு

இனி சொல்லப்போவது எந்தக் கம்ப்யூட்டரும் தடுத்திருக்க முடியாத ஒரு விபத்து. ஜான் டென்வர் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர். பல ஆண்டு அனுபவம் கொண்ட விமானியும்கூட. 1997-இல் அவர் லாங்-ஈஸி என்ற விமானத்தைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். வடிவமைத்தவர் பர்ட் ரூட்டன். கட்டியவர் ஓர் அமெச்சூர்.

எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் வால்வு, வரைபடப்படி விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். கட்டியவர் பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வர வேண்டாம் என்று நினைத்து, அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அமெச்சூர் விமானத்தில் இப்படி மாற்றத் தடை இல்லை. ஆனால் அதைத் திருப்ப, உடம்பையே திருப்பிப் பின்னால் கை நீட்ட வேண்டும். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற அடையாளமும் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிகளும் பின்னால்தான்.

கை எட்டவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மெக்கானிக்கும் அவரும் வைஸ் கிரிப் பிளையரை வால்வில் மாட்டி நீட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று பெட்ரோலும் போடவில்லை. அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவில் விமானம் விழுந்து அவர் இறந்தார். வால்வை எட்டாத இடத்தில் வைத்ததையும், அடையாளம் இல்லாததையும், அந்த வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் விசாரணை அறிக்கை சுட்டிக் காட்டியது.

இஞ்சின் சரி. இறக்கை சரி. தப்பு, 'யூசர் இன்டர்பேஸ்' என்று நாம் சொல்லும் விஷயத்தில்! கட்டியவருக்குத் தான் வைத்த வால்வு எங்கே, எப்படி என்று தெரியும். அடுத்தவருக்குத் தெரியாது. வேறு ஒருவரை இருக்கையில் உட்கார வைத்து, 'கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலை மாற்று' என்று சொல்லிப் பார்த்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும்.

முதல் 40 மணி நேரம்

2012-இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. நாட்டின் சிறிய விமானங்களில் இவை ஏறக்குறைய 10 சதவீதம். ஆனால் 2011-இல் நடந்த விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் சுமார் 21 சதவீதமும் இவற்றால் நேர்ந்தவை. இஞ்சின் நின்று போவதும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் முக்கியக் காரணங்கள். புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் பறத்தலும், செகண்ட் ஹேண்டில் வாங்கியவரின் முதல் பறத்தலும் அதிக ஆபத்தானவை.

இதனால்தான் முதல் 25 அல்லது 40 மணி நேரம், குறிப்பிட்ட பகுதிக்குள், பயணி இல்லாமல் பறந்து சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இப்போது மணிக்கணக்குக்குப் பதிலாக, வரையறுத்த சோதனைகளை ஒவ்வொன்றாக முடித்துக் காட்டும் வழியும் உண்டு. 2014 முதல், அந்த வகை விமானத்தில் தகுதி பெற்ற இன்னொரு விமானியை உடன் அழைத்துச் செல்லவும் அனுமதி கிடைத்தது. தனியாகத் தவிப்பதைவிட இரண்டு பேர் பார்ப்பது மேல் என்பது கிளப்புகளின் வாதம்.

இங்கே திரையின் இன்னொரு பயன் வருகிறது. வேகம், உயரம், ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பம் எல்லாவற்றையும் அது பதிவு செய்து வைக்கும். இறங்கியதும் அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து கிராப் போட்டால், மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் சூடாகிறது என்று பார்க்கலாம். இப்படிப் பதிவான விவரங்களைச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த ஆய்வும் பரிந்துரைத்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் பறந்து பாருங்கள்

விமானம் கட்ட நம்மால் முடியாது. பறந்து பார்க்கலாமே! ப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முற்றிலும் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கோப்பு பெரியது என்பதால் வேகமான இணைப்பு உள்ள இடத்தில் டவுன்லோட் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில், நீங்களே இறக்கையின் அளவு கொடுத்து விமானம் வடிவமைத்துப் பறக்கவிடும் வசதியும் இருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம். சிமுலேட்டர் நீங்கள் கொடுத்த எண்களைத்தான் பறக்க வைக்கிறது. இறுகாத நட்டு அதற்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் துளை போடும், கணக்குப் போடும், பதிவு செய்யும். நீங்கள் கவனிக்காமல் விட்டதை நீங்கள் எதிர்பார்க்காத கேள்வியாகக் கேட்பது இன்னொரு மனிதர்தான். அசெம்பிள்ட் கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும். முதல் முறை கரண்ட் கொடுப்பதற்கு முன், விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு சின்னப் பயிற்சி. மேலே போட்ட ஷீட்டில் விமானி மட்டும் 75 கிலோ, பெட்ரோல் 60, சாமான் பூஜ்யம் என்று மாற்றுங்கள். விடை 207.6 வந்தால் உங்கள் ஷீட் சரி. வராவிட்டால் ஒவ்வொரு செல்லாக நீங்களே தேடுவதற்கு முன், பக்கத்தில் இருப்பவரை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்!